கல் இல்லாத மூலை

எங்கள் கடலோர ஊரான கெல்சியில் அந்த அக்டோபர் முழுக்கக் கடல்மூட்டம் விலகவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் தெரு இருக்காது. எதிர்வீட்டு விளக்கு மட்டும் தண்ணீருக்கடியில் ஏற்றி வைத்ததுபோல் மங்கலாகத் தெரியும். கோடைக் கூட்டம் போய்விட்டது. குழந்தைகளைச் சுமந்து மணலில் நடந்த கழுதைகளை கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பண்ணைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். கடலோர விடுதிகளில் பாதிக்குமேல் பூட்டு. என் விடுதியில் ஒரே ஒருவர் தங்கியிருந்தார். அவர் கொலை விசாரிக்க வந்தவர்.

லெனார்ட் காஸ்கில் என்று பெயர். ஹல் நகரத்து இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரர், ஆனால் மாடிப்படி ஏறினால் பூனை ஏறுவதுபோல் சத்தமே வராது. எங்கள் ஊர்க் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஒத்துக்கொண்டது. வந்த நாளிலிருந்து தூக்கம். கடலோர நடைபாதையில் கண்ணாடி போட்ட நிழற்குடை ஒன்று உண்டு. பகலிலேயே அதில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார்.

"கொலைகாரனைப் பிடிக்க வந்தவரு குறட்டை விடறாரு பாரு," என்றான் மீன் பொரிக்கிற டக்வர்த், அவர் காதுபடவே.

"தூங்கலப்பா," என்றார் காஸ்கில், கண்ணைத் திறக்காமல். "உங்க ஊரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நடந்தது இதுதான். எங்கள் புனித ஹில்டா ஆலயம் களிமண் மேட்டின் விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் கடல் அந்த மேட்டில் ஒரு கடி கடித்துக்கொண்டு போகும். நான் சிறுமியாக இருந்தபோது ஆலயத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பார்லி வயல் இருந்தது. இப்போது கிழக்குச் சுவரே அந்தரத்தில் தொங்குகிறது. ஆலயத்தை மூடிவிடுவது, கல்லறைகளைத் தோண்டி கடலை விட்டுத் தள்ளிப் புது இடத்தில் வைப்பது என்று சபையில் முடிவானது. பெயர் பொறித்த கல் உள்ள கல்லறைகள் மட்டும். கல்லறைத் தோட்டத்து வடக்கு மூலையில் கல் எதுவும் இல்லை, வெறும் புல். அதன்மேல் சரளை கொட்டி லாரிப் பாதை போடலாம், பிறகு கடல் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

அந்த முடிவை முன்நின்று நிறைவேற்றியவர் ஆலய நிர்வாகி எட்வின் ராஸ்ட்ரிக். கடலோரத்தில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் உள்ள கூடம் வைத்திருந்தவர். ஒரு நாள் காலை இளம் போதகர் ஹேல் கதவைத் திறந்தபோது கோபுரப் படிக்கட்டின் அடியில் ராஸ்ட்ரிக் இறந்து கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. விழுந்து செத்தார் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் தலைக்கடியில் முழந்தாளிட்டு ஜெபிக்கும் மெத்தை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உடம்பின்மேல் பலிபீடத்து வெள்ளைத் துணி. காலணிகள் கழற்றப்பட்டு, ஜோடியாகச் சுவரோரம் இருந்தன. நாடாக்களை உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் போகவில்லை. சபைப் பொருளாளர் ஸ்டான்லி புல்மர் முதல் வரிசை இருக்கையில் படுத்த நிலையில் இறந்து கிடந்தார். அதேபோல் மெத்தை, அதேபோல் வெள்ளைத் துணி, அதேபோல் நாடா உள்ளே தள்ளிய காலணிகள். வயிற்றில் தேநீரும், தேநீரோடு கலந்த இதய மருந்தும் இருந்ததாக ஹல்லில் அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அதன் பிறகுதான் காஸ்கில் வந்தார்.

முதலில் எல்லாரும் கை காட்டியது டக்வர்த்தை. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ராஸ்ட்ரிக்கின் காலை உடைப்பேன் என்று கத்தியவன் அவன்.

"கத்தினேன் சார். இல்லேன்னு சொல்லல," என்றான் டக்வர்த், எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பாமலே. "ஆனா அந்தாளு செத்த ராத்திரி நான் குடிச்சிட்டு உங்க லாக்கப்லதான் படுத்திருந்தேன். படுக்கை சரியில்ல. யார்கிட்டயாவது சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார் காஸ்கில். "வினிகர் கொஞ்சம் கூடப் போடு."

அடுத்து ராஸ்ட்ரிக்கின் மனைவி மியூரியலைப் பார்க்கப் போனார். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. இறந்துபோன கணவரின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்குக் கொடுக்க என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

"அவர் ஷூவைக் கழட்டிட்டு லேஸை உள்ள தள்ளி வைக்கிற பழக்கம் உண்டாம்மா?"

"எட்வினா? வீட்டுக்குள்ளயே ஷூவோடதான் நடப்பாரு. கம்பளத்தைப் பாருங்க, தெரியும்."

"அந்த வடக்கு மூலையைப் பத்தி அவர் என்ன சொல்வாரு?"

மியூரியலின் கை இஸ்திரிப் பெட்டியோடு நின்றது. துணி கருகுமுன் எடுத்துவிட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்வாரு."

"நீங்க?"

"அவர் சொல்றதைத்தான் நானும் சொல்வேன். முப்பது வருஷமா அப்படித்தான்."

அன்று மதியம் காஸ்கில் வடக்கு மூலைக்குப் போய் நின்றார். புல்லில் ஜாம் புட்டிகள் பதித்திருந்ததையும், அவற்றில் ஊதா நிறச் சாமந்திகள் இருந்ததையும் அப்போதுதான் கவனித்தார். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வயதான பெண் வந்தாள். புல்லைப் பார்த்து நின்றாள். போனாள். கொஞ்ச நேரத்தில் வேறொருத்தி. இவரைப் பார்த்ததும், வழி தவறி வந்தவள்போல் திரும்பிப் போனாள். இது நனவா, தூக்கத்தில் காண்பதா என்றே தனக்கு நிச்சயமில்லாமல் போயிற்று என்று பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார்.

"அந்த மூலையில யாரும்மா இருக்காங்க, ஐவி?"

புகை போட்ட மீனை அவர் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் அது.

"செத்துப் பொறந்த பிள்ளைங்க," என்றேன். "அந்தக் காலத்துல அம்மாகிட்டக் காட்ட மாட்டாங்க. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க கொண்டு போனாங்கன்னு கேட்டா, 'அடுத்ததைப் பெத்துக்கோ, சரியாயிடும்'னு டாக்டர் சொல்வாரு. ஞானஸ்நானம் ஆகாததால கல்லும் கிடையாது, பேரும் கிடையாது. எங்க ஊர்ல மட்டும் நர்ஸ் டன்னிங் அதுங்களை அப்படி விட்டுடல. விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் கூடையில வெச்சு அங்க கொண்டு போயிடுவா. அப்ப இருந்த போதகர் ஜன்னலை மூடிக்கிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துடுவாரு."

"எது யாரோட பிள்ளைன்னு?"

"அவளுக்குத்தான் தெரியும். அந்த மூலைன்னு மட்டும்தான் பெத்தவங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல அவளும் சொன்னதில்ல, இவங்களும் கேட்டதில்ல."

"எழுதி வெச்சிருக்காங்களா?"

"எழுதி வெச்சிருந்தா வேலை போயிருக்கும் சார்."

ஹெஸ்டர் டன்னிங்குக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள். ஓய்வு பெற்ற பின் ஆலயத்துத் துணிகளைத் துவைப்பதும் பூ வைப்பதும் அவள் வேலை. மறுநாள் காலை காஸ்கில் அவள் வீட்டுக்குப் போனார். சந்தேகப்பட்டுப் போகவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத்தான் போனார்.

வழியில் புல் ஈரமாக இருந்ததால் காலணிகள் நனைந்திருந்தன.

"கழட்டுங்க கண்ணு. சளி பிடிச்சுக்கும்," என்றாள் நர்ஸ் டன்னிங். போலீஸ்காரரானாலும் யாரானாலும் அவளுக்குக் கண்ணுதான். காலணிகளை வாங்கிக் கணப்போரம் கொண்டுபோனாள். ஜோடியாக வைத்தாள். குனிந்து, நாடாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

காஸ்கில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணப்பில் நிலக்கரி சரிந்தது.

"ஏன்மா லேஸை உள்ள தள்ளறீங்க?"

"பிரசவ வீட்டுப் பழக்கம். வெந்நீரைத் தூக்கிட்டு ஓடறப்ப தடுக்கி விழுந்துடக் கூடாதுல்ல." சொல்லிவிட்டு நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

கோப்பையில் ஆவி எழுந்தது. காஸ்கில் அதைத் தொடவில்லை.

"அதுல ஒண்ணுமில்ல," என்றாள். "குடிங்க."

அவர் குடித்தார். ஏன் குடித்தேன் என்று எனக்கே தெரியாது ஐவி, அவள் சொன்னால் நம்பலாம் என்று தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"இனிமே நீங்க சொல்றதெல்லாம் கோர்ட்ல சாட்சியாகும்மா. புரியுதா?"

"புரியுது. சொல்றேன்."

ராஸ்ட்ரிக்கைத் தேடி அவள் கோபுரத்துக்கு ஏறிப் போயிருக்கிறாள். மணிகளை விலை பேச அளவெடுத்துக்கொண்டிருந்தாராம் அவர். வடக்கு மூலையை விட்டுவிடாதீர்கள், அதையும் தோண்டிக் கொண்டுபோங்கள், இடம் நான் காட்டுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள்.

"அங்க ஒண்ணும் இல்ல, வெறும் சேறுன்னாரு. அந்த எட்வினே சொல்றாரு கண்ணு, இதை. அவர் பொண்ணு அங்க இருக்கா. நான்தான் கொண்டு போனேன். அன்னைக்கு வாசல்ல என் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரே அவர்தான். வெறும் சேறுன்னு சொன்னதும் என் கை அவர் மேல போச்சு. படி அவருக்குப் பின்னாடி இருந்தது."

"புல்மர்?"

"எட்வின் போயிட்டா எல்லாம் நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல. ஸ்டான்லி வந்து லாரியை இன்னும் சீக்கிரமே வரச் சொல்லிட்டாரு. முதல் தடவை கை தானாப் போச்சு. ரெண்டாவது தடவை, ஆலயத்துல அவருக்கு டீ ஊத்திக் கொடுத்தப்ப, கையை நான்தான் அனுப்பினேன். அதுல பொய் சொல்ல மாட்டேன்."

"மெத்தை, துணி எல்லாம்?"

"செத்தவங்களை அப்படியே போட்டுட்டுப் போக எனக்கு வராதுங்க."

அவளிடம் பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. காஸ்கில் கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்டார்.

"இதோட நிறுத்தியிருப்பீங்களா?"

நர்ஸ் டன்னிங் தேநீர்ப் பானையின் மூடியைச் சரிசெய்தாள். "போதகர் தம்பி நாளைக்கு டீக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு," என்றாள்.

அந்தப் பதில்தான் இன்ஸ்பெக்டரை உலுக்கியது. இருபத்தாறு வயதுப் பையன் ஹேல். லாரி வேலையைத் தொடர மிச்சமிருந்தவன் அவன்தான். வீடு வீடாகப் போய் ஜெபப் பாட்டுப் பாடுவான். அவனையும் இதே கணப்போரம் உட்காரவைத்து, இதே அன்போடு கோப்பையை நீட்டியிருப்பாள்.

சட்டப்படி அவளை அப்போதே காரில் ஏற்றியிருக்க வேண்டும். காஸ்கில் உள்ளூர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார். பிறகு என் விடுதிக்கு வந்து, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்க போயிட்டா அந்த இடமெல்லாம் அவங்களோடயே போயிடும்," என்றார். "இன்னைக்கு மத்தியானம் ஒரு தடவை நடந்து காட்டச் சொல்றேன். யார் யாருக்குச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்."

"அவ என்ன பண்ணான்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. தெரிஞ்சே வரட்டும்."

நான் நாலு வீட்டுக்குத்தான் போனேன். அதற்குள் செய்தி எனக்கு முன்னால் நடந்துபோய்விட்டது. கடற்கரைச் சாமான் கடை எல்சி, பூட்டிய கடையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். மணல்கோட்டைமேல் குழந்தைகள் குத்தும் காகிதக் கொடிகள், விற்காமல் போனவை. அடையாளம் வைக்க எங்கள் ஊரில் வேறென்ன இருக்கிறது.

மதியம் மூட்டம் இன்னும் இறங்கியிருந்தது. கீழே கடல் இருப்பது சத்தத்தில்தான் தெரிந்தது. பெண்கள் மேலங்கியும் தலைத்துணியுமாக வந்து சுவரோரம் நின்றார்கள். ஐம்பது வயதும் உண்டு, எண்பதும் உண்டு. கொலை செய்தவள் முன்னால் எப்படி நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ் டன்னிங் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்து நின்றாள்.

"எல்சி. உன் பையன் இங்க. தலை நிறையக் கருகருன்னு முடி. விரல் எல்லாம் நீளம். உங்கப்பா மாதிரி பியானோ வாசிச்சிருப்பான்."

எல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பிள்ளைக்கு முடி இருந்தது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். கொடியை நடத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். இவளுக்குப் பொண்ணு, சிவந்த உடம்பு. அவளுக்கு ரெட்டை, ஒண்ணோடொண்ணு கை கோத்துக்கிட்டு, அப்படியே சேர்த்துத்தான் வெச்சேன். இன்னொருத்திக்கு மேலுதட்டில் ஒரு மச்சம். நர்ஸ் டன்னிங் யோசிக்கவே இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பழக்கமான அறைக்குள் இருட்டில் நடப்பவள்போல் நடந்தாள். மூட்டத்துக்குள் சிவப்பும் நீலமுமாகக் கொடிகள் கூடிக்கொண்டே போயின. காற்று இல்லாததால் ஒன்றும் அசையவில்லை. நானும் விழித்துத்தான் இருக்கிறேனா என்று உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டேன்.

மியூரியல் ராஸ்ட்ரிக் வந்தது அப்போதுதான். கறுப்பு உடை. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். காஸ்கில் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். மியூரியல் அவரைப் பார்க்கவே இல்லை.

"எங்க?" என்றாள்.

நர்ஸ் டன்னிங் முதன்முறையாகத் தயங்கினாள். பிறகு சுவரோரம், மேட்டின் விளிம்புக்கு மிக அருகில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"பொண்ணு. உங்க தாடை. நெத்தி எட்வினோடது."

மியூரியல் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது.

"கனமா இருந்தாளா?"

"இருந்தா. நல்ல கனம். அன்னைக்கு சைக்கிள் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே வந்தது."

மியூரியல் தலையை ஆட்டினாள். எல்சியின் பெட்டியிலிருந்து ஒரு கொடியை எடுத்துத் தானே நட்டாள், நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"இப்ப இவளைக் கூட்டிட்டுப் போங்க."

காரில் ஏற்றும்போது யாரும் கையசைக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. கார் போன பிறகு மியூரியல் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி: "என் புருஷனைக் கொன்னவ கையாலதான் என் பிள்ளையை வாங்கிக்கணும்னு ஆயிடுச்சு. அந்த இன்ஸ்பெக்டர் பண்ண வேலை இது. அவருக்கு நன்றியும் சொல்ல மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்."

இதை நான் காஸ்கிலிடம் மறைக்கவில்லை. பெட்டியை எடுக்க வந்தவரிடம் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சரியாத்தான் சொல்றாங்க," என்றார். "அந்தப் பையன் ஹேல் என்கிட்ட வந்து, அவங்களுக்காக ஜெபிக்கட்டுமான்னு கேட்டான். எந்த அவங்கன்னு எனக்குப் புரியல. அவனுக்கும் புரியல."

கைதியைத் தாமதமாகக் கொண்டுவந்ததற்கு மேலிடத்தில் அவருக்குச் சரியான டோஸ் கிடைத்தது. பதவி உயர்வு போனது. ஒரு வருடத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நர்ஸ் டன்னிங்குக்கு ஆயுள் தண்டனை. இரண்டாவது குளிர்காலத்தில் சிறை மருத்துவமனையில் தூக்கத்திலேயே போனாள். அவளுக்காக எங்கள் ஊரில் அழுதவர்களும் உண்டு. அழுததற்காக மியூரியல் அவர்களோடு பேச்சை நிறுத்தியதும் உண்டு.

கொலையும் கொடிகளும் பத்திரிகைகளில் வந்த பிறகு வடக்கு மூலையை விட்டுவிட யாருக்கும் துணிச்சல் இல்லை. வசந்தத்தில் வல்லுநர்கள் வந்து, கூடாரம் போட்டு, சின்னக் கரண்டிகளால் தோண்டினார்கள். கொடி நட்ட இடங்களில் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு கொடிகளுக்குக் கீழே மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மண் தின்றிருக்கலாம், அவள் நினைவும் தவறியிருக்கலாம். அந்த இரண்டு தாய்மாரும் அங்கிருந்து ஆளுக்கொரு பெட்டி மண்ணை அள்ளிக்கொண்டார்கள். எல்லாரையும் கடலை விட்டுத் தள்ளியிருந்த புது இடத்தில் வைத்தார்கள். கல் வைக்கவும் அனுமதி வந்தது.

கல் வைப்பதென்றால் பெயர் வேண்டுமே. அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஊரில் அதுதான் பேச்சு. பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக்கடை வரிசையிலும் எழுபது வயதுப் பெண்கள் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டு நின்றார்கள்.

"ராபர்ட்டுன்னு வெச்சிருவேனா? அந்தப் பேருல ஒரு அயோக்கியன் என் தங்கச்சியைக் கட்டினானே."

"அப்ப கில்பர்ட்."

"கில்பர்ட் நாய் பேருடி."

சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மியூரியல் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் தபால் நிலையத்தில் எனக்குப் பின்னால் நின்றவள், என் தோளைத் தொட்டாள்.

"ரோசலிண்ட்," என்றாள். "கூப்பிடறதுக்கு நீளமா இருக்கோ?"

"இல்ல மியூரியல். நல்லா இருக்கு."

"எங்க, நீ ஒரு தடவை கூப்பிடு. அடுத்தவங்க வாயில எப்படி இருக்குன்னு கேக்கணும்."

நான் கூப்பிட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தடவை என்றாள். கூப்பிட்டேன்.